பழைய வில்லுக்கத்திகளைச் சாணைச் சக்கரத்துக்குக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாதம் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் இளைஞர் ஒருவர், தம்முடைய அப்பப்பா வைத்திருந்த வில்லுக்கத்தி (வில்லு பொருத்திய, மடித்துப் பையில் வைக்கும் கத்தி) ஒன்றை என்னிடம் காட்டக் கொண்டுவந்தார். அலகில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. பல ஆண்டுகளாகத் துருவேறிக் கிடந்ததைப் பட்டறை ஒன்றில் கொடுத்து மின்சாரச் சாணைச் சக்கரத்தில் பிடிப்பித்ததாகவும், அதற்கு 600 ரூபாய் செலவானதாகவும் பெருமையோடு சொன்னார். நான் பூதக்கண்ணாடியை எடுத்து அலகின் அடியைப் பார்த்தேன். கம்பனியின் பெயரில் கடைசி மூன்று எழுத்துகளும், ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்களும் மட்டுமே தப்பியிருந்தன. நுனிப் பக்கத்தில் மயிற்கழுத்து நிறத்தில் நீலம் பாய்ந்திருந்தது. "எப்படி இருக்கு சேர்?" என்று அவர் கேட்டபோது உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் சொல்லாததை உங்கள் வாசகர்களிடமாவது சொல்லலாம் என்றே இதை எழுதுகிறேன்.

திருகோணமலையில் இத்தகைய கத்திகள் மற்ற ஊர்களைவிட அதிகமாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. பிரித்தானியக் கடற்படை 1957 ஒக்ரோபரில் இங்குள்ள தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைக்கும்வரை, துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் எங்கள் ஊரவர் பெருந்தொகையினர் வேலை செய்தார்கள். அவர்களுடைய காற்சட்டைப் பைகளிலும் சாரத்து மடியிலும் வீடுவந்து சேர்ந்த கத்திகளே இன்று பெட்டகங்களின் அடியிலிருந்து வெளிப்படுகின்றன. கையிலே பாரமாக இருக்கும். கட்டம்போட்ட கறுப்புப் பிடி. கயிறு கோப்பதற்கு ஒரு வளையம். ஓர் அலகு, ஒரு தகரம் திறக்கும் கருவி, கயிற்றின் முறுக்கைப் பிரித்துப் பிணைப்பதற்கான தடித்த கூர் ஊசி ஒன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் படைக் கத்தியின் வழக்கமான அமைப்பு இது. என்னிடமுள்ள ஒன்றில் 1942 என்ற முத்திரை இருக்கிறது. ஜப்பானிய விமானங்கள் ஏப்ரல் 9 ஆம் திகதி நம் துறைமுகத்தில் குண்டு வீசிய ஆண்டு என்பதால், பார்ப்பவர்கள் எல்லாரும் அந்தக் கத்தியை அந்த நாளோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த இலக்கம் கத்தி செய்யப்பட்ட ஆண்டை மட்டுமே சொல்லும்; அது எப்போது கப்பலேறி இங்கு வந்தது என்பதைச் சொல்லாது.

இவற்றில் பெரும்பாலானவை துருவேறிக் கிடப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. எங்கள் தலைமுறைக்கு அதை விளக்கத் தேவையில்லை. உள்நாட்டுப் போரின்போது சோதனைச் சாவடிகளைத் தாண்டி வேலைக்குப் போன காலத்தில், சட்டைப்பையில் ஒரு பேனாக்கத்தி இருந்தாலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. என் தகப்பனார் தம்முடைய கத்தியை ஒரு துணித் துண்டில் சுற்றிக் கூரை வளையில் செருகிவிட்டு, அதன்பிறகு பாக்கைப் பல்லால்தான் உடைத்தார். அப்படிச் செருகப்பட்டவை இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கடற்காற்றைக் குடித்தன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கரையோர வீடுகளில் இருந்தவை கடல்நீரையே குடித்தன.

துருவைத் தொடுவதற்கு முன் கத்தியை வாசிக்க வேண்டும். அலகு பிடியோடு சேரும் அடிப்பகுதியில்தான் அதன் பிறப்புச் சான்றிதழ் பொறிக்கப்பட்டிருக்கிறது. அகன்ற தலையுடைய சிறிய அம்புக்குறி, பார்ப்பதற்குக் காகத்தின் கால்போல இருந்தால், அது பிரித்தானிய அரசின் சொத்து. அரசு ஒரு பொருளைக் கழித்து விற்றபோது முதல் அம்பின் நுனியோடு நுனி பொருந்த இரண்டாவது அம்பு ஒன்றையும் அடிப்பது முறை. ஒற்றை அம்போடு நம் வீடுகளில் இருக்கும் கத்திகள் எவ்வாறு வீடு வந்தன என்பதை நான் ஆராயப் போவதில்லை. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்து ஜோசப் ரொட்ஜர்ஸ் கம்பனியின் கத்தி என்றால் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 'மாட்சிமை தங்கிய அரசியாருக்குக் கத்தி செய்வோர்' என்று பொறித்திருந்தால் அது 1901 க்கு முற்பட்ட விக்ரோறியா காலத்தது அல்லது 1952 க்குப் பிற்பட்டது; 'அரசருக்கு' என்றிருந்தால் பெரும்பாலும் இடைப்பட்ட காலத்தது. துருப்பிடிக்காத உருக்கு என்ற சொல் அலகில் இருந்தால், அந்த உருக்கு ஷெபீல்ட்டில் 1913 இல்தான் முதன்முதலாக உருக்கப்பட்டது என்பதால், "இது 1890 ஆம் ஆண்டுக் கத்தி" என்று விலை பேச வருபவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம். புகழ்பெற்ற பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ அடித்த போலிகளும் அக்காலத்திலேயே ஏராளமாக இருந்தன. போலியா அசலா என்று தீர்ப்பதற்கு எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்த எழுத்துகள். சாணைச் சக்கரம் முதலில் தின்பதும் அவற்றைத்தான்.

அது தின்பது எழுத்தை மட்டுமல்ல. பழைய கரி உருக்கு அலகுகள் ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் பதமாக்கப்பட்டவை. சக்கரத்தில் பிடிக்கும்போது மெல்லிய ஓரம் சில விநாடிகளிலேயே 300 பாகையைத் தொட்டுவிடும். நான் பார்த்த நீல நிறம் அதன் அடையாளம். அந்த இடத்தில் பதம், அதாவது கூரைத் தாங்கும் கடினம், போய்விட்டது. இனி அதை எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

நான் செய்யும் முறை ஆறுதலானது. பட்டறைக்காரருக்கு அது கட்டுப்படியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதற்கும் முன்பாக முத்திரையின்மேல் மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்து ஒரு பிரதி எடுத்துக்கொள்வேன். கடல்நீர் பட்ட கத்தியானால் இளஞ்சூடான நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, உடனே வெயிலில் காயவைப்பேன். உப்பு உள்ளே இருக்கும்வரை எண்ணெய் பூசியும் பயனில்லை. பிறகு மூட்டில் மட்டும் சில சொட்டு மண்ணெண்ணெய். இறுகிப்போன அலகைக் குறட்டால் இழுத்துத் திறப்பவர்கள் நகம் வைக்கும் பள்ளத்தைப் பெயர்ப்பார்கள் அல்லது வில்லை முறிப்பார்கள். ஓரிரவு விட்டு மறுநாள் அசைத்துப் பார்த்தால் ஒரு மயிரிழை நகரும், மறுபடியும் எண்ணெய். நான்கு நாள் காத்திருந்த பிறகு "டக்" என்ற சத்தத்தோடு வில்லு அலகை ஏற்றுக்கொள்ளும் கணத்துக்காகத்தான் என்னைப் போன்றவர்கள் இந்த வேலையைச் செய்கிறோம். உள்ளே படிந்திருக்கும் அழுக்கை எடுக்க ஓர் ஈர்க்கின் நுனியில் துணியைச் சுற்றினால் போதும். பித்தளைத் தகட்டில் பூத்திருக்கும் பச்சைக் களிம்பும் அதிலேயே வந்துவிடும்.

அலகின் செந்துருவுக்கு என்னுடைய கருவி, பிரித்தானியர் காலத்து ஒரு சதச் செம்புக் காசு. எண்ணெயில் நனைத்த அலகின்மேல் காசின் விளிம்பால் சுரண்டினால் துரு உதிரும். செம்பு உருக்கைவிட மென்மையானதாகையால் அலகில் கீறல் விழாது. அதன்பின் மிக நுண்ணிய உருக்குப் பஞ்சு. செந்துரு போய்க் கருஞ்சாம்பல் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பலரும் அழுக்கென்று எண்ணித் தேய்க்கும் அந்தக் கருமை, அலகைப் பாதுகாக்கும் தோல். தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும் நம் வீட்டு வழக்கம் வெண்கலப் பாத்திரத்துக்குச் சரி; இங்கே அந்தப் புளிப்பு துருவோடு உருக்கையும் அரிக்கும். முடிவில் தையல் மெஷின் எண்ணெயைத்தான் பூச வேண்டும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசின்போல் இறுகி மூட்டை மறுபடியும் பூட்டிவிடும். தோலுறையில் போட்டு வைப்பதும் ஆகாது. தோல் பதனிடும் சரக்கும் ஈரமும் சேர்ந்து, ஒரு மாரி காலத்துக்குள் அலகைப் புள்ளி புள்ளியாகத் தின்றுவிடும்.

பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. கொம்புப் பிடி போட்ட கத்தியைக் கண்டால், கோட்டைக்குள் திரியும் மான்களின் கொம்பு என்று சொல்பவர்கள் நம்மூரில் இருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோட்டையில் இருப்பவை புள்ளிமான்கள். ஷெபீல்ட் கத்திக்காரர்கள் விரும்பி வாங்கியது இந்தியாவிலிருந்து போன மரைக்கொம்பு. ஆமையோடுபோல மினுங்கும் செலுலொயிட் (பழைய காலத்துப் பிளாஸ்டிக்) பிடியானால் அதை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. அது சிதையத் தொடங்கும்போது வெளிவிடும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் துருவேற்றும். நெருப்புக்கு அருகில் கொண்டுபோனால் உடனே பற்றிக்கொள்ளும்.

சாணை பிடிப்பவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. கறிக்கத்தியைப் பிடித்துக் கொடுப்பதுபோல் இதையும் பிடித்துக் கொடுக்கிறார்கள். வேறு மாதிரிச் செய்யும்படி யாரும் கேட்பதில்லை. பழங்கத்தியைக் கொடுத்தேயாக வேண்டுமானால், அலகின் அடியிலிருந்து ஓர் அங்குலத்தைத் தொடவேண்டாம் என்றாவது சொல்லிக் கொடுங்கள். நம் நகரில் ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் இயங்கும் கடற்படை வரலாற்று அருங்காட்சியகத்தாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு மேசையும் ஒரு கமெராவும் போட்டு, மக்கள் கொண்டுவரும் பழைய கத்திகளின் முத்திரைகளைப் படமெடுத்து, அதை வைத்திருந்தவர் துறைமுகத்தில் என்ன வேலை செய்தார் என்பதையும் பக்கத்தில் எழுதிவைத்தால் போதும். கத்தியை அவரவர் வீட்டுக்கே கொண்டுபோகலாம். தளத்தில் வேலை செய்தவர்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் தொண்ணூறை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள் ஆகையால், இதை அடுத்த ஆண்டுக்கென்று ஒத்திப்போட வேண்டாம். அந்த மேசைக்குப் பூதக்கண்ணாடியோடு வந்து உட்கார நான் ஆயத்தம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.