பெயரைக் கேட்டதும் போய்விடும் வீடு

ஆசிரியருக்கு வணக்கம்.

பல இன மக்கள் கலந்து வாழும் நகரங்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே பேருந்தில் ஐந்தாறு மொழிகள் காதில் விழுகின்றன, இனப் பாகுபாடெல்லாம் பழைய கதை என்கிற தொனியில் எழுதியிருந்தார்கள். பேருந்தில் சேர்ந்து போவதற்கும் வாடகைக்கு வீடு கேட்டுப் போவதற்கும் நிறைய தூரம் இருக்கிறது.

போன வருடம் தமிழனான நான் வீடு தேடினேன். ஓரிடத்துக்குப் போன் செய்தபோது வீடு காலியாகத்தான் இருந்தது, எத்தனை பேர், எப்போது குடிவருவீர்கள் என்பது வரை நல்லபடியாகப் பேசினார்கள், அப்புறம் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். கொஞ்சம் இருங்கள் என்று போனவர் திரும்பி வந்து, இப்போதுதான் வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டோம் என்றார். மறுநாளும் அந்த விளம்பரம் அப்படியே இருந்தது. என்னோடு வேலை செய்யும் ஒருவரை, அவர் இங்கே பெரும்பான்மை இனத்தவர், அதே எண்ணுக்குப் பேசச் சொன்னேன். சாயங்காலமே வந்து பாருங்கள் என்றார்கள். என்னை யாரும் திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அப்படி இருக்கும்போது யாரிடம் போய் என்னவென்று புகார் சொல்வது?

நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் பெயரை வைத்தே ஒதுக்குவது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் சுமார் 5,000 வேலை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள், 2004-இல் முடிவுகள் வெளியாயின. தகுதிகள் ஒரே மாதிரி, பெயர்தான் வேறு. வெள்ளையருடையது போன்ற பெயர் இருந்தால் பத்து விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு வந்தது, கறுப்பினத்தவருடையது போன்ற பெயருக்குப் பதினைந்து அனுப்ப வேண்டியிருந்தது. நேரில் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே நடந்தது இது.

வீட்டு விஷயத்தில் பாதிப்பு இன்னும் ஆழமானது, ஏனென்றால் வீடு எங்கே கிடைக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பக்கத்து வீட்டுப் பழக்கமும் பிற்காலத்துச் சொத்தும் அமைகின்றன. அதே அமெரிக்காவில் 1930-களில் அரசு அமைப்பு ஒன்றே நகரங்களின் வரைபடத்தை எடுத்து, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குக் கடன் கொடுப்பது ஆபத்து என்று சிவப்பு வண்ணம் பூசியது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்க்கக் கூடாது என்ற சட்டம், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில் கையெழுத்தானது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் வீடு வாங்க முடியாமல் போன குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்த இழப்பை எந்தச் சட்டமும் திருப்பித் தரவில்லை. சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1989 முதல் அரசு அடுக்குமாடிகளில் ஒவ்வொரு இனத்துக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். ஒவ்வொரு இனமும் தனித்தனிப் பகுதிகளாக ஒதுங்கிவிடாமல் அது தடுத்தது, சரி. ஆனால் பெரும்பான்மையினரின் வரம்பு நிரம்பிவிட்ட இடத்தில் அவர்களுக்கு விற்க முடியாது என்பதால், சிறுபான்மையினர் வீட்டை விற்கப் போகும்போது வாங்குபவர் கிடைப்பது கஷ்டமாகிறது, அதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. நான் அந்த வரம்புக்கு எதிரானவன் அல்ல, அதன் சுமை யார் தோளில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இதுவரை பிறரைப் பற்றிப் பேசிவிட்டேன். தமிழர்களாகிய நாம் எப்படி? தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளாதார அறிஞர் 1971-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சதுரங்கப் பலகை போன்ற ஒன்றில் இரண்டு வகை நாணயங்களைக் கலந்து வைத்து, பக்கத்தில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது தன்னைப் போன்றவராக இருந்தால் போதும், இல்லாவிட்டால் இடம் மாறலாம் என்று விதி வைத்து நகர்த்திப் பார்த்தார். யாருக்கும் யார் மேலும் வெறுப்பில்லை, ஆனாலும் கடைசியில் இரண்டு வகையும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. நம்ம ஆட்கள் நாலு பேர் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பேச்சை அதற்குப் பிறகு என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதிலும் நம்மிடம் அந்த ஆசையோடு நிற்பதில்லை. தமிழ்க் குடும்பம்தான் வேண்டும் என்கிறோம், தமிழரே வந்தாலும் சொந்த ஊரையும் கோயிலையும் சுற்றிச் சுற்றிக் கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்கிறோம், கறுப்பினத்தவர் என்றால் கதவையே திறப்பதில்லை. என்னிடம் போனில் நடந்தது இதேதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நாளிதழின் வாடகை விளம்பரப் பக்கத்தில் “நம்மவர்களுக்கு மட்டும்”, “இன்ன பிரிவினர் விரும்பத்தக்கது” என்ற வரிகளை நானே பார்த்திருக்கிறேன். அவற்றை இனி வாங்காதீர்கள். வீட்டு அளவு, வாடகை, எத்தனை பேர் இருக்கலாம் என்பதோடு விளம்பரம் முடியட்டும், வருகிறவர் யார் என்பதை வீட்டுக்காரர் நேரில் பேசித் தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்