முழு பாட்டிலும் ஊற்ற வேண்டியதில்லை

பாலக்கோடு,
வைகாசி 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். பைக்குக்கு இன்ஜின் ஆயில் மாற்றிக்கொண்டு வந்த மறுநாளே, ஆயில் மட்டம் பார்க்கிற குச்சியை எடுத்துப் பார்த்திருக்கிறாயே, அது நல்ல பழக்கம். ஆயில் குச்சியின் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறதே, இப்படியே ஓட்டலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லலாம் என்று கூப்பிட்டால் ஷிப்டில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டாய். ராத்திரி பேசினாலும் கொட்டாவிக்கு நடுவே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு ஆர்.சி. புக்கோடு சேர்த்து வைத்துக்கொள்.

அந்தப் போட்டோவை வைத்து ஆயில் கூடுதலா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. வண்டி சைடு ஸ்டாண்டில் இடது பக்கம் சாய்ந்து நிற்பது பின்னால் தெரிகிறது. உன் ஸ்ப்ளெண்டருக்குக் குச்சி இருப்பது வலது பக்கம். வண்டி இடது பக்கம் சாய்ந்தால் ஆயிலும் அந்தப் பக்கம் ஓடிவிடும், குச்சியில் குறைவாகத்தான் காட்டும். அப்படியிருந்தும் உனக்கு மேல்கோட்டைத் தாண்டிக் காட்டுகிறது. நிமிர்த்தி நிறுத்தினால் இன்னும் ஏறும். ஆனால் நீ குச்சியை முழுக்கத் திருகி மூடிவிட்டு எடுத்தாயா, சும்மா உள்ளே விட்டு எடுத்தாயா என்பது தெரியவில்லை. திருகினால் மூடியில் இருக்கிற மரையின் உயரம் எவ்வளவோ அவ்வளவு குச்சி ஆழமாக இறங்கும், இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஒன்று குறைத்துக் காட்டுகிறது, இன்னொன்று கூட்டிக் காட்டுகிறது. எதை நம்புவது?

அதனால் முதலில் இருந்து பார். உன் ரூம் இருக்கிற தெரு சரிவு, அங்கே வேண்டாம். ஹவுஸ் ஓனர் கார் நிறுத்துகிற சிமெண்ட் தரை சமமாகத்தான் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் சென்டர் ஸ்டாண்ட் போடு. கையால் தூக்கப் பார்த்தால் உன்னால் முடியாது, யாராலும் முடியாது. ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொடும்வரை வண்டியை நேராக நிமிர்த்து. அப்புறம் ஸ்டாண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிமேல் வலது காலை வைத்து, உன் எடை முழுவதையும் அதன்மேல் போட்டு நில். வண்டி தானாக ஏறிக்கொள்ளும்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டர் கொடுக்காமல் மூன்று, நான்கு நிமிடம் ஓடவிடு. அணைத்துவிட்டு இரண்டு, மூன்று நிமிடம் சும்மா இரு. இந்த இரண்டையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். புது ஆயிலை ஊற்றிய உடனே எல்லாம் அடியில் தேங்கி நிற்கும், பார்த்தால் நிறைய இருக்கிற மாதிரி தெரியும். இன்ஜின் ஓடிய பிறகுதான் பம்ப் அதை எடுத்து இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வரைக்கும், கிளட்ச் பக்கமும் அனுப்பும், மட்டம் கொஞ்சம் இறங்கும். அணைத்த உடனே பார்த்தால் மேலே போன ஆயில் இன்னும் கீழே வந்திருக்காது, அப்போது குறைவாகக் காட்டும். நான் வேலை பார்த்த டிப்போவில், காலையில் பஸ்ஸை எடுக்கும் முன் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே குச்சியைப் பார்த்துவிடுவோம். அந்த வழக்கம் உன் வண்டிக்குப் பொருந்தாது.

இப்போது குச்சியை எடுத்து, நூல் விடாத பழைய பருத்தித் துணியால் துடை. பஞ்சு வேஸ்ட் வேண்டாம், இழை ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். துடைத்த குச்சியைத் திருகாமல் ஓட்டைக்குள் விட்டு, மரை விளிம்பில் உட்காரவிட்டு, நேராக எடு. ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும், மேல்கோட்டை ஒட்டி இருந்தால் ரொம்ப நல்லது. மனது கேட்கவில்லை என்றால் இன்னொரு தரம் துடைத்துவிட்டுப் பார். திருகக் கூடாது என்பது உன் வண்டிக்குச் சொன்னது. திருகிப் பார்க்கச் சொல்கிற வண்டியும் உண்டு, குச்சியே இல்லாமல் ஆயில் மட்டம் தெரியக் கண்ணாடி வைத்த வண்டியும் உண்டு. உன் கூட வேலை செய்கிற பெண்கள் கேட்டால் அவரவர் மேனுவலைப் பார்க்கச் சொல்.

இத்தனையும் செய்த பிறகும் மேல்கோட்டுக்கு மேலே நின்றால், கூடுதல்தான். அந்த மெக்கானிக்கை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். பாட்டில் 900 மில்லி வருகிறது, மிச்சம் வைத்தால் "காசு கொடுத்தது முழு பாட்டிலுக்கு, ஏன் ஊற்றவில்லை" என்று சண்டைக்கு வருகிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். மேனுவலில் ஆயிலுக்கு இரண்டு அளவு போட்டிருக்கும். ஒன்று ஆயில் மாற்றும்போது ஊற்றுவது, இன்னொன்று இன்ஜினை முழுக்கப் பிரித்துக் கட்டும்போது ஊற்றுவது. இரண்டாவது அளவுதான் பெரியது. இன்ஜினுக்கு அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்றி எவ்வளவு நேரம் வடியவிட்டாலும் பழைய ஆயில் கொஞ்சம் மூலை முடுக்கில் தங்கும், அதன்மேல் முழு பாட்டிலையும் கவிழ்த்தால் கூடத்தான் செய்யும்.

ஆயில் நிறைய இருந்தால் நல்லதுதானே என்பாய். மட்டம் ஏறிவிட்டால் உள்ளே சுற்றுகிற கிராங்க் ஆயிலில் பட்டு, மோர் கடைகிற மத்து மாதிரி அடித்து நுரையாக்கிவிடும். பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும், மேலே போய்ச் சேர வேண்டிய ஆயில் சரியாகச் சேராது. வண்டி இழுக்காது. இன்ஜின் மூச்சுவிடுகிற பிரீதர் டியூப் வழியாக ஆயில் ஏர் பில்டர் பெட்டிக்குள் வந்து பில்டரை நனைக்கும், புகை வரும், சீல்களில் கசியும். கோட்டைவிட ஒரு நூல் கூடினால் பயப்பட ஒன்றுமில்லை. போட்டோவில் இருக்கிற அளவுதான் உண்மை என்றால் எடுத்தே ஆக வேண்டும்.

எடுப்பதற்கு அடி போல்ட்டைத் தொடாதே. மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்கு, ஊசி வேண்டாம். கூடவே மெல்லிய டியூப் கொஞ்சம் கேள். டியூபை சிரிஞ்ச் முனையில் இறுக்கிச் செருகி, கழன்று உள்ளே விழாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குச்சி இருந்த ஓட்டை வழியாக உறிஞ்சு. இன்ஜின் வெதுவெதுப்பாக இருந்தால் சுலபமாக வரும். ஓசூர் குளிரில் காலையில் செய்தால் ஜவ்வு மாதிரி இழுக்கும், சாயங்காலம் செய். ஒரு சிரிஞ்ச் எடுத்ததும் நிறுத்தி, குச்சியைப் பார்த்துவிட்டு அடுத்தது. எடுத்ததைச் சுத்தமான பாட்டிலில் ஊற்றி மூடி வை. புது ஆயில்தான், பின்னால் குறையும்போது ஊற்றிக்கொள்ளலாம்.

குறையவும் செய்யும். கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டால் அப்படியே ஓட்டாதே, நிறைய ஆயிலைவிட அதுதான் இன்ஜினைச் சீக்கிரம் தின்னும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று, ஊற்றும்போதெல்லாம் பார். கடையில் வாங்கினால் 10டபிள்யூ30 என்றும் (ஆயிலின் கெட்டித்தன்மை) ஜாஸோ எம்ஏ என்றும் (பைக் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான குறி) பாட்டிலில் இருக்கிறதா பார். உன் வண்டியில் இன்ஜின், கியர், கிளட்ச் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

அடி போல்ட்டையும் இந்த வாரம் தினம் ஒரு தரம் குனிந்து பார். வாஷர் பழையதாக இருந்தால் சொட்டும். வண்டிக்குக் கீழே ஒரு அட்டையைப் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் தெரிந்துவிடும். சொட்டினால் நீயே ஸ்பேனர் போட்டு இறுக்காதே, மரை போய்விட்டால் பெரிய செலவு. அதே கடைக்குக் கொண்டுபோய் வாஷர் மாற்றித் தரச் சொல்.

செந்தூரா பழுக்க ஆரம்பித்துவிட்டது. அம்மா ஒரு கூடை தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருவதானால் ராயக்கோட்டை வழியாக வெளிச்சத்திலேயே வந்துவிடு, இருட்டினால் தக்காளி லாரிகள் அதிகம்.

அன்புடன்,
அப்பா