பிளானர் மாற்றும் முன்...

ஐயா,

குமரி மாவட்டத்தில் வீட்டுப் பட்டறை வைத்திருப்போர் பழைய திக்னஸ் பிளானரை (பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் இயந்திரம்) மாற்றும்போது மோட்டார் திறனை மட்டுமே விசாரிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வெட்டும் தலை, அதாவது பிளேடுகள் பொருத்திய சுழலும் உருளை.

தேக்கில் உள்ள சிலிக்கா சாதாரண ஹைஸ்பீடு ஸ்டீல் பிளேடைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அயனி மரத்திலும் பலாவிலும் நார் திசைமாறி ஓடுவதால், மழுங்கிய பிளேடு மரத்தைப் பிய்த்தெடுக்கும். இந்த மரங்களில் ஒரு தடவைக்கு வெட்டும் தலையை அரை மில்லிமீட்டர் இறக்கினால் போதும். நீண்ட பிளேடுக்குப் பதிலாகக் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளாலான சிறு வெட்டு வில்லைகளைச் சுருள் வரிசையில் பதித்த சுருள் தலைக்கு விலை கூடுதல்தான். ஆனால் ஒவ்வொரு சதுர வில்லையையும் திருப்பித் திருப்பி நான்கு முனைகளைப் பயன்படுத்தலாம். ஆணி பட்டால் அடிபட்ட வில்லைகளை மட்டும் மாற்றலாம். இடித்த வீட்டு உத்தரங்களை வாங்கி இழைப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பலகையின் இரு முனைகளிலும் பள்ளம் விழுகிறதா? உடனே இயந்திரத்தைப் பழிக்க வேண்டாம். முன், பின் மேசைகளின் வெளி ஓரத்தை இம்மியளவு உயர்த்திப் பாருங்கள். கோணிய பலகையை எந்தத் திக்னஸ் பிளானரும் நேராக்காது. ஒரு முகத்தை முதலில் ஜாயின்டரிலோ (பலகையின் முகத்தைச் சமமாக்கும் இயந்திரம்) இழைப்புளியிலோ சமப்படுத்த வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் 110 வோல்ட் இயந்திரத்தை நம் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் மோட்டார் கருகிவிடும். கடற்காற்றுக்கு இயந்திரத்தின் இரும்புத் தளம் துருப்பிடிக்கும். மெழுகு தடவி வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், குளச்சல்