சாப்பு அடிச்சா போதுமா, யாரு அடிக்கணும்னும் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் முழுக்க எனக்கு ஜார்ஜ்டவுன்ல சாப்பு, அதான் முத்திரை, தேடி அலையறதே வேலையா போச்சு, அந்த கடுப்புலதான் இத எழுதுறேன். மகளுக்கு வெளிநாட்டு யூனிவர்சிட்டி ஒண்ணுல இடம் கெடச்சிருக்கு. ஐசி (அடையாள அட்டை), பாஸ்போர்ட், பிறப்பு சூராட் (பிறப்புப் பத்திரம்), பள்ளி முடிக்கறப்ப எழுதுற எஸ்பிஎம் பரீட்சை சர்டிபிகேட் எல்லாத்தையும் 'செர்டிஃபைட் ட்ரூ காப்பி'யா அனுப்புங்கன்னு மெயில்ல ஒரே ஒரு வரி. யாரு சர்டிஃபை பண்ணணும்? அதுக்கு ஒரு வார்த்தை இல்ல.

நம்ம ஊருல பழக்கம் என்ன, தெரிஞ்ச தலைமையாசிரியர், இல்லன்னா அரசாங்கத்துல பெரிய ஆபிசர், பழைய ஆளுங்க இன்னும் 'குரூப் ஏ'ன்னு சொல்வாங்களே அவங்க, இவங்கள்ல ஒருத்தர்கிட்ட போய் 'சாலினான் டியாக்குயி சா', அதாவது உண்மையான நகல்னு சாப்பு வாங்கிட்டு வந்துடுவோம். நானும் தெரிஞ்ச வாத்தியார் ஒருத்தர் வீட்டுக்குப் போனேன். மனுசன் தங்கமானவரு, தேத்தண்ணி கூட குடுத்தாரு, ஆனா ஒரிஜினல நான் பையிலேருந்து எடுக்குறதுக்குள்ள அத்தனை தாள்லயும் டப் டப்புன்னு அடிச்சு முடிச்சுட்டாரு. "உங்கள எனக்கு தெரியாதாண்ணே"ன்னாரு. நானும் சந்தோசமா வாங்கிட்டு வந்தேன், தப்பு என் பேர்லயும் இருக்கு.

வீட்டுல மகதான் பார்த்துச்சு. "அப்பா, ஐசி காப்பியில கடைசி நம்பர் கறுத்துப் போயிருக்குப்பா, 3ஆ 8ஆன்னே தெரியல." ஐசி நம்பர்ல கடைசி ஒத்தப்படைன்னா ஆம்பள, ரெட்டப்படைன்னா பொம்பள, அது எல்லாருக்கும் தெரியும். 3ன்னு படிச்சா எம்பொண்ணு ஆம்பளையாயிடும். அப்படி ஒரு தாளுக்கு 'இது உண்மையான நகல்'னு சாப்பும் கையெழுத்தும் அழகா இருக்கு.

மறுநாள் லெபோ லைட் தெருவுல கோர்ட்டு பக்கம், மாடியில சின்ன ரூம்ல சத்தியப் பத்திரம் எல்லாம் வாங்குற ஒரு கமிஷனர் ஃபார் ஓத்ஸ்கிட்ட போனேன், அதான் பெசுருஜாயா சும்பான்னு போர்டு மாட்டியிருப்பாங்களே. தலைமை நீதிபதி நியமிக்கிற ஆளுங்க இவங்க, கட்டணமும் ரூல்ஸ்படிதான். உக்காந்ததும் அவரு கேட்ட முதல் கேள்வி, "ஒரிஜினல் எங்க ஐயா?" ஐசிய இடது கையில பிடிச்சுக்கிட்டு காப்பிய பக்கத்துல வச்சு கட்டைவிரல் நகத்தால ஒவ்வொரு நம்பரா தள்ளிப் பார்த்தாரு, நடுவுல இருக்குற 07 வரைக்கும், அது பினாங்குல பொறந்தவங்களுக்கு வர்ற நம்பர். அப்புறம் "கீழ போயி முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் ஒரே தாள்ல வர்ற மாதிரி போட்டோஸ்டேட் எடுத்துட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. வெயில்ல படியிறங்கி ஏறினதுக்கு கோவம் வந்துச்சுதான், ஆனா அவரு செஞ்சதுதான் வேலை. ஒரிஜினல பார்க்காம அடிக்கிற சாப்பு வெறும் மை.

இன்னொண்ணும் அவருதான் சொன்னாரு. மகளோட சூராட்டுல அப்பா பேருன்னு இருக்குற இடத்துல என் பேருல ஒரு 'ஹெச்' கூடுதலா இருக்கு, என் ஐசியில அது இல்ல. அன்னைக்கு கவுண்டர்ல கிளார்க்குக்கு காதுல விழுந்தத எழுதிட்டாரு, நம்மாளுங்க பாதிப் பேருக்கு இந்தக் கதை இருக்கும். சாப்பு சொல்றது 'இந்தக் காப்பி இந்த ஒரிஜினல் மாதிரியே இருக்கு'ன்னு மட்டும்தான், ரெண்டு விதமா எழுதின பேரும் ஒரே ஆளோடதுன்னு சொல்லாது. அதுக்கு 1960 சட்டத்துப்படி தனியா ஒரு எஸ்டி (ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன்), மலாய்ல அக்குவான் பெர்கானுன், சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும், பொய் எழுதினா குற்றம். அதையும் அங்கயே முடிச்சேன்.

அப்பாடான்னு அனுப்பினா ரெண்டு வாரம் கழிச்சு பதில் வருது, நோட்டரி பப்ளிக் சாப்புதான் வேணுமாம்! இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நோட்டரிங்கறது கமிஷனர் இல்ல, அனுபவம் உள்ள வக்கீலுங்களுக்கு அட்டர்னி ஜெனரல் 1959 சட்டத்துக்குக் கீழ குடுக்குற பதவி. அவரு முத்திரைய விரலால தடவினா மேடு தெரியும். செலவும் கமிஷனர விட ரொம்பக் கூட. சில நாட்டுக்கு அதுக்கு மேல புத்ராஜாயா போய் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவுலயும் சாப்பு வாங்கணும், அப்புறம் அந்தந்த தூதரகம் வேற. நல்லவேளை எங்களுக்கு நோட்டரியோட நின்னுச்சு.

வெளிநாட்டுக்காரன விடுங்க, உள்ளூர்லயே எத்தனை கவுண்டர்ல "சர்டிஃபை பண்ணிட்டு வாங்க"ன்னு தாள தள்ளி விடுறாங்க, யாரு சாப்பு செல்லும்னு கேட்டா அவங்களுக்கே தெரியல, அடுத்த ஜன்னல்ல கேளுங்கங்கறாங்க. போரம்லயே (விண்ணப்பத் தாள்லயே) ஒரு வரி, 'கமிஷனர் போதும்' இல்ல 'நோட்டரி மட்டும்'னு அச்சடிச்சா என்ன குறைஞ்சிடும்? அரசாங்க இலாகாக்களும் பேங்குகளும் இத கவனிக்கணும்.

வாசகர்களுக்கு ஒண்ணு. ஐசி காப்பி குடுக்கறப்ப நம்பரும் படமும் மறையாத மாதிரி குறுக்க கோடு போட்டு, எதுக்காக குடுக்குறீங்கன்னு எழுதிட்டு, அதுக்கப்புறம் சாப்புக்கு நீட்டுங்க. வாத்தியார் அடிச்சுக் குடுத்த அந்த 3ஆ 8ஆ தாள நான் அப்படி எழுதாமதான் வச்சிருந்தேன், குப்பையில போட மனசு வராம கத்திரிக்கோலால துண்டு துண்டா வெட்டினேன்.

இப்படிக்கு,
அலைஞ்சு களைச்ச ஒரு அப்பா,
ஜார்ஜ்டவுன், பினாங்கு