செயலாளர் ஆண்டறிக்கை, 2024: நாற்பத்தொரு வெற்றிகளின் கணக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டங்களைச் சேர்ந்து சென்று பார்ப்பதற்கென்றே தொடங்கப்பட்ட நமது சங்கத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் பணிவுடன் வைக்கிறேன். அணியைப் பற்றி ஒரு பத்தியும் சங்கத்தைப் பற்றி மீதமும் எழுதுவது முந்தைய செயலாளர்கள் வகுத்த மரபு. இவ்வாண்டு அம்மரபை மீறியிருக்கிறேன். 162 ஆட்டங்களில் 41ஐ மட்டும் வென்று 121ஐத் தோற்று, 1900ஆம் ஆண்டுக்குப் பின், வட அமெரிக்காவின் உயர்மட்டப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் ஒரே சீசனில் மிக அதிகத் தோல்விகளைக் கண்ட அணியாக நம் அணி ஆகிவிட்ட நிலையில், அது எவ்வாறு நேர்ந்தது என்பதைப் பதிவேட்டில் ஒழுங்காக எழுதிவைப்பதே முதல் கடமை எனச் செயற்குழு கருதியது.

நம்மில் பலர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் இறுதி முதல் செப்டம்பர் இறுதி வரை ஏறத்தாழ நாள்தோறும் ஆடப்படும் இவ்விளையாட்டில், எந்த அணியும் 60 ஆட்டங்களை வென்றுவிடும், எந்த அணியும் 60 ஆட்டங்களைத் தோற்றுவிடும், எஞ்சிய 42இல் என்ன செய்கிறது என்பதே சீசன் என்று பழைய இரசிகர்கள் கணக்குச் சொல்வார்கள். தானாக வந்துசேர வேண்டிய அந்த 60இலேயே நமக்கு 19 குறைந்தது என்பதுதான் இவ்வாண்டின் கதை.

இவ்வீழ்ச்சி திடீரென்று வந்ததன்று. 2005இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியை நான்கு ஆட்டங்களிலும் வென்று, 1917க்குப் பின் முதன்முறையாக, சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான உலகத் தொடரைக் கைப்பற்றிய அணி இது. 2021இல்கூட 93 வெற்றிகளுடன் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டு 81 வெற்றி, 81 தோல்வி. அதற்கடுத்த ஆண்டு 101 தோல்வி. 2023 ஆகஸ்டில் நிர்வாகத் தலைமையில் இருந்த கென்னி வில்லியம்ஸ், ரிக் ஹான் ஆகிய இருவரும் நீக்கப்பட்டு, கிறிஸ் கெட்ஸ் பொது மேலாளராக அமர்த்தப்பட்டார். சீசன் தொடங்குவதற்கு இரண்டு வாரங்களே இருந்தபோது முதன்மைப் பந்தெறிவாளர் டிலன் சீஸ் சான் டியேகோ அணிக்கு அனுப்பப்பட்டார். கடையைக் காலி செய்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்ற முடிவு அப்போதே எடுக்கப்பட்டிருந்தது; காலி செய்யும் காலத்திலும் நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே அமர்ந்திருந்தவர்கள் நாம்.

மார்ச் 28 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கெதிரான தொடக்க ஆட்டத்தில், அதுவரை மேஜர் லீகில் ஓர் ஆட்டத்திலும் முதல் பந்தெறிவாளராக இறங்கியிராத காரெட் குரோஷே, ஓர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸ்களில் ஆறில் எறிந்து எட்டுப் பேரை ஸ்டிரைக்அவுட் (பந்தை முறையாக அடிக்கவிடாமல் அவுட்டாக்குவது) செய்தார். விட்டது ஒரே ஓட்டம். நம் அணி ஓர் ஓட்டமும் எடுக்காததால் அந்த ஒன்றே போதுமானதாயிற்று. குளிரில் நடுங்கியபடி ரெட் லைன் ரயிலில் திரும்பும்போது, பந்தெறிதல் நன்றாக இருக்கிறது, மட்டை தானே சரியாகிவிடும் என்று நான் அனைவருக்கும் உறுதி கூறினேன். அந்த உறுதிமொழியை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஏப்ரல் தொடக்கத்தில் லூயிஸ் ராபர்ட் இடுப்புத் தசைக் காயத்தால் விலகினார். யோவான் மொன்காடாவும் எலோய் ஹிமெனெஸும் காயம்பட்டனர். முதல் 25 ஆட்டங்களில் மூன்றே வெற்றி. சீசன் முடிவில் நம் அணி எடுத்த ஓட்டங்கள் 507. முப்பது அணிகளில் இதுவே மிகக் குறைவு. விட்டுக்கொடுத்தவை 813.

ஏப்ரல் இறுதியில் டாம்பா பே ரேஸ் அணியை மூன்று ஆட்டங்களிலும் வென்றபோது, திருப்பம் வந்துவிட்டது என்று உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியதும் நானே. அதையும் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டியதில்லை.

மே 23 ஆட்டத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பால்டிமோர் ஓரியோல்ஸ் 8-6 என்று முன்னிலையில் இருக்க, கடைசி இன்னிங்ஸில் நம்மவர் இருவர், ஓட்டம் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய நிலைகளான பேஸ்களில் நின்றனர். ஆண்ட்ரூ பெனின்டெண்டி உயரே தூக்கியடித்த பந்தை, பிடிக்கும் முன்பே அவுட் என்று கொள்ளும் இன்ஃபீல்டு ஃப்ளை விதிப்படி நடுவர் அறிவித்தார். பேஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்த ஷார்ட்ஸ்டாப் என்னும் களத்தடுப்பாளரின் வழியில் குறுக்கிட்டார் என்று அவருக்கும் அவுட் கொடுக்கப்பட்டது. ஒரே பந்தில் இருவர் அவுட்டாகி ஆட்டம் முடிந்தது. அரங்கிலிருந்த நம் உறுப்பினர்களுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. பெரும்பாலோர் எழுந்து நின்று அடுத்த பந்துக்காகக் காத்திருந்தனர். கெட்ட அணிக்குத் தோற்கும் வழிகளும் புதிது புதிதாகக் கிடைக்கும் போலும்.

ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை அணி தொடர்ந்து 21 ஆட்டங்களைத் தோற்று, மேஜர் லீகின் இரு பாதிகளுள் ஒன்றான அமெரிக்கன் லீகில் 1988இல் ஓரியோல்ஸ் வைத்த தொடர்தோல்விச் சாதனையைத் தொட்டது. அதே காலத்தில் ஓரளவு நன்றாக ஆடிக்கொண்டிருந்த எரிக் ஃபெடி, டாமி ஃபாம், மைக்கேல் கோபெக், பால் டியாங் முதலியோர் பிற அணிகளுக்கு மாற்றப்பட்டதால், வாங்கி வைத்திருந்த சட்டைகளின் முதுகுப் பெயர்கள் பயனற்றுப் போயின. ஆகஸ்ட் 6 அன்று ஓக்லாந்தில் 5-1 என்று வென்றபோது சிகாகோவில் இரவு வெகுநேரமாகியிருந்தது. விழித்திருந்து பார்த்த உறுப்பினர்களின் பெயர்கள் வருகைப் பதிவேட்டில் சிறப்புக் குறியுடன் சேர்க்கப்பட்டுள்ளன. அந்நகரை விட்டே வெளியேறவிருந்த ஓர் அணியை, அதன் கடைசிச் சீசனில் வென்று மகிழ்ந்தோம் என்பதை நினைக்கும்போது சற்றுக் கூச்சமாகவும் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து, ஆட்டத்தில் அணியை வழிநடத்தும் மேலாளர் பெட்ரோ கிரிஃபோல் நீக்கப்பட்டு, கிரேடி சைஸ்மோர் இடைக்கால மேலாளரானார்.

ஆகஸ்ட் மாதச் செயற்குழுக் கூட்டத்தில், எஞ்சிய பயணங்களைக் கைவிட்டு அத்தொகையை உறுப்பினர்களுக்குத் திருப்பித் தரலாம் என்று ஒரு முன்மொழிவு வந்தது. நீண்ட விவாதத்துக்குப்பின் அது தோற்றது. அரங்கில் அவ்வாண்டு அறிமுகமான, மார்ஷ்மெல்லோ மிதக்கும் மில்க்‌ஷேக்குக்காகவே வருகிறோம் என்று சில இளம் உறுப்பினர்கள் வாக்களித்ததாகத் தெரிகிறது. காரணம் எதுவாயினும் வாக்கு வாக்குதான். அதன்பின் நாம் சென்ற ஆகஸ்ட் இறுதி ஆட்டம், சொந்த அரங்கில் தொடர்ச்சியாக நேர்ந்த 16 தோல்விகளுக்குள் அடங்கியது.

செப்டம்பர் 22 அன்று சான் டியேகோவில் 120ஆவது தோல்வி நேர்ந்து, 1962இல் நியூயார்க் மெட்ஸ் அணி வைத்த எண்ணிக்கை சமமாயிற்று. நமது கடைசிப் பயணம் 24ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கெதிரான ஆட்டத்துக்கென முன்பே குறிக்கப்பட்டிருந்தது. அன்று நம்முடன் வந்தவர்களில் சிலர், 121ஆவது தோல்வியை நேரில் கண்டோம் என்று சொல்லிக்கொள்ளும் ஆசையை மறைக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸ் வரை 0-2 என்று பின்தங்கியிருந்தபோது, உரிமையாளர் ஜெரி ரைன்ஸ்டார்ஃபை நோக்கி “அணியை விற்றுவிடு” என்ற முழக்கம் அரங்கெங்கும் எழுந்தது. அந்த இன்னிங்ஸில் நம் அணி மூன்று ஓட்டங்கள் எடுத்து வென்றுவிட்டது. தோல்வியைக் காண வந்தவர்களும் கைதட்டினார்கள். ஆனால் 35ஆம் தெரு நிலையத்தில் ரயிலுக்காக நிற்கையில் அவர்களுள் ஒருவர், இந்தச் சீட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று பொருளாளரிடம் கேட்டார். மறுநாள் பத்தாவது இன்னிங்ஸில் 4-3 என்றும், அதற்கடுத்த நாள் 7-0 என்றும் அணி மீண்டும் வென்றது. வெள்ளிக்கிழமை, 27ஆம் தேதி, டெட்ராய்ட்டில் 4-1 என்று தோற்றபோதுதான் அந்த எண் வந்தது. அதே ஆட்டத்தின் வெற்றியால் டைகர்ஸ் 2014க்குப் பின் முதன்முறையாக, சீசனுக்குப் பிந்தைய பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றதால், நம் அணி தலைகுனிந்து வெளியேறிய அதே திடலில் அவர்கள் கொண்டாடினார்கள். எஞ்சிய இரண்டு ஆட்டங்களையும் நம் அணி வென்றதை எவரும் கவனிக்கவில்லை. ஆறு மாதங்களில் ஒருமுறையும் தோல்விக்காக ஆடாத ஆட்டக்காரர்கள் முன், தோல்வியை எதிர்பார்த்து அமர்வது சங்கத்துக்கு அழகன்று என்பது என் கருத்து. செயற்குழுவில் இதற்கு மாற்றுக் கருத்து உண்டு என்பதையும் பதிவுசெய்கிறேன். முழக்கத்தில் சங்கம் என்ற பெயரில் சேர்வதில்லை என்றும், தனிப்பட்ட முறையில் கத்துவது அவரவர் உரிமை என்றும் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது.

தோற்றதற்குக் கூலியாவது கிடைக்கும் என்று நினைத்தவர்களுக்கும் ஏமாற்றமே. புதிய இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறையில், பெரிய நகர அணிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் குலுக்கல் மூலம் முன்வரிசை இடத்தைப் பெறக்கூடாது என்ற விதி இருப்பதால், சென்ற முறை ஐந்தாமிடத்தில் இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்த நமக்கு, 2025இல் பத்தாமிடமே கிடைத்துள்ளது. 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்டிரைக்அவுட் செய்து, சீசனின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கும் சென்ற குரோஷே, டிசம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். மாற்றாக நான்கு இளைஞர்கள் வந்துள்ளனர். வில் வெனபிள் புதிய மேலாளராகப் பொறுப்பேற்றுள்ளார். அரங்கின் பெயரும் ரேட் ஃபீல்டு எனச் சுருக்கப்பட்டிருப்பதால், சங்கத்தின் கடிதத் தாள்களில் முகவரி வரியைத் திருத்த வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். மழைக்காக வாங்கிய பிளாஸ்டிக் மேலுறைகளில் பாதி பயன்படாமல் என் வீட்டில் இருக்கின்றன, வேண்டுவோர் பெற்றுக்கொள்ளலாம். 2025 சீசனின் முதல் ஆட்டம் மார்ச் 27 அன்று, அதே ஏஞ்சல்ஸ் அணிக்கெதிராக, நம் சொந்த அரங்கில் நடைபெறுகிறது. மேல்தளத்தில் இடம் எடுக்க எண்ணியுள்ளதால், வர விரும்புவோர் பிப்ரவரி இறுதிக்குள் சந்தாவைச் செலுத்திப் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கம்பளிக் கையுறை அவரவரே கொண்டுவர வேண்டும்.

இங்ஙனம்,
செயலாளர்