எச்சரிக்கை இல்லாத நாளிலும் பாயைச் சுருக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

ஆனி, ஆடி மாதங்களில் மீனவர்களுக்கான எச்சரிக்கை 'மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் சூறைக்காற்று' என்கிற அளவில் வருகிறது. அந்தக் காற்றில் சிறிய பாய்ப்படகு கடலில் இருக்கவே கூடாது. ஆனால் பெரிய பாயைச் சுருக்க வேண்டிய காற்று அதில் பாதியிலேயே, 22 முதல் 28 கி.மீ.க்குள், வந்துவிடுகிறது. காற்று 20 கி.மீ.யிலிருந்து 28 ஆனாலே பாயின்மீது விழும் விசை இரட்டிக்கும். எச்சரிக்கை இல்லையே என்று முழுப் பாயோடு இறங்கும் இளைஞர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

கன்னியாகுமரிக்குக் கிழக்கே வட்டக்கோட்டை, சின்னமுட்டம் பக்கம் இன்னும் கவனம் தேவை. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் கச்சான், அதாவது மேல்காற்று, அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. கரையோரத் தண்ணீர் அலையில்லாமல் கிடக்கும். வெகுதூரம் போன பிறகே வெள்ளை நுரை தெரியும். திரும்புவதோ எதிர்காற்றில். ஆகவே மணலில் நிற்கும்போதே பாயைச் சுருக்கிவிடுவது நல்லது. காற்று குறைந்தால் விரித்துக்கொள்ளலாம்.

கடலில் சுருக்க நேர்ந்தால் வரிசை மாறக் கூடாது. படகைக் காற்றுக்கு நெருக்கமாகத் திருப்புங்கள். முன்பாய் இழுத்துக்கொண்டே இருக்கட்டும். படகு நின்றால் சுக்கான் கேட்காது. பூமின் (பெரிய பாயின் அடியில் உள்ள கிடைக்கம்பு) நுனியைத் தூக்கிப் பிடிக்கும் கயிறு இருந்தால் அதை முதலில் இறுக்குங்கள், இல்லாவிட்டால் பூம் தலையில் இறங்கும். பிறகு பாயை உள்ளே இழுக்கும் ஷீட் கயிற்றையும், பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கிக்கரையும் தளர்த்தி, பாயை ஏற்றி இறக்கும் கயிறான ஹாலியார்டை இறக்குங்கள். எவ்வளவு இறக்க வேண்டும் என்பதற்குக் கரையிலேயே ஹாலியார்டில் வண்ண நூலால் அடையாளம் தைத்துவைத்தால் தடுமாற்றம் இருக்காது. பாயின் முன்விளிம்பு வளையத்தைப் பூமின் மரத்தடி முனையிலுள்ள கொக்கியில் மாட்டி, ஹாலியார்டை மறுபடி விறைப்பாக ஏற்றுங்கள். அதன் பின்னரே பின்விளிம்பு வளையத்தின் கயிற்றை, வளையம் பூமில் வந்து உட்கார்ந்து பாயின் அடி விறைக்கும்வரை இழுக்க வேண்டும்.

பின்கயிற்றை முதலில் இழுப்பவர்கள்தான் அதிகம். முன்முனை பிடிப்பில்லாததால் இழுப்பெல்லாம் பாயைப் பாய்மரத்தோடு பிணைத்து ஓடும் ஸ்லைடுகளில் விழுந்து அவை பிய்ந்துவிடும். இன்னொரு தவறு, இரு வளையங்களுக்கும் நடுவில் பாயிலுள்ள நாடாக்களை இறுக்கிக் கட்டுவது. தொங்கும் துணியைச் சுருட்டி வைக்க மட்டுமே அவை. காற்றின் பாரத்தை இரு முனை வளையங்களே தாங்க வேண்டும். இறுக்கினால் நாடா ஓட்டையிலிருந்து பாய் கிழியத் தொடங்கும். விரிக்கும்போது ஒரு நாடாவை அவிழ்க்க மறந்து ஹாலியார்டை இழுத்தாலும் அதே கதிதான்.

எச்சரிக்கை இல்லாத நாட்களிலும் காற்றின் வேகத்தையும் திசையையும் சின்னமுட்டம் பக்கத்துக்கும் குளச்சல் பக்கத்துக்கும் தனித்தனியாகத் தங்கள் வானிலைப் பகுதியில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர்,
முட்டம், கன்னியாகுமரி மாவட்டம்