சான் விசெந்தே தெ லா சொன்சியேரா: திராட்சைத் தோட்டக் காவல் குடில்கள் சீரமைப்பு – பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வட ஸ்பெயினின் ரியோஹாவில் உள்ள நம் ஊரில், நாம் சீரமைத்த நான்கு காவல் குடில்களும் நிமிர்ந்து நிற்கின்றன. மதிப்பீடு 16,000 யூரோ, ஆன செலவு 21,400 யூரோ. இடையில் உள்ள 5,400 யூரோவைப் பற்றித்தான் இந்தக் கோடை முழுக்கப் பேச்சு. சிலர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. முதுகுக்குப் பின்னால் பேசியவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில், பில்பாவோவிலும் மத்ரீதிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். நாம் 'குவார்தவீனியாஸ்' என்று சொல்வது, கொடிகளுக்கு நடுவே வட்டமாகக் கட்டிய மணற்கல் குடில். அறுவடைக்கு முந்தைய வாரங்களில் காவல்காரர் அதில் தங்குவார். ஆலங்கட்டி மழை பிடித்தால் வேலையாட்கள் கோவேறு கழுதையோடு உள்ளே ஒதுங்குவார்கள். உள்ளே உட்காரக் கல் திண்ணை, சாமான் வைக்கச் சுவரில் மாடம், சிலவற்றில் அடுப்பும் இருக்கும். டிராக்டர் வந்தபிறகு பத்து நிமிடத்தில் வீடு போய்ச் சேரலாம் என்றானதும் குடில்கள் தேவைப்படவில்லை. சிறு நிலங்களை ஒன்றாக்கி, கம்பி கட்டி, நேர் வரிசையில் கொடி நட்டபோது பல குடில்கள் காணாமல் போயின.

'நாலு கல்குவியலுக்கு இவ்வளவு செலவா?' என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். 1172-இல் நவார்ரா மன்னர் ஆறாம் சான்சோ நமக்கு ஊர்ச் சாசனம் கொடுத்தார். அப்போது எப்ரோ ஆறு எல்லைபோல இருந்தது. அக்கரையில் உள்ள பிரியோனெஸ் ஊர், அண்டை அரசான காஸ்தீலியருடையது. அதனால்தான் நம் குன்றின்மேல் கோட்டை. 1137-இல் நேர்ந்தளிக்கப்பட்ட சாந்தா மரியா தெ லா பிசீனா கோயிலைப் பார்க்க ஆள் வருகிறது. புனித வாரத்தில் முதுகில் அடித்துக்கொள்ளும் நம் 'பிக்காவோஸ்' நோன்பாளிகளைப் பார்க்கக் கூட்டமே வருகிறது. இவற்றைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன, இவற்றைக் காப்பாற்றப் பல கைகள் இருக்கின்றன. குடிலுக்கு அப்படி யாரும் இல்லை. 1899-இல், ஹாரோவுக்கு அப்பால் உள்ள சஹசார்ராவில் ஃபிலோக்சரா பூச்சி ரியோஹாவுக்குள் நுழைந்தது. அது வேரைத் தின்று கொடிகளைக் கொன்றபின், செத்த கொடியைப் பிடுங்கி, அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கட்டையில் நம் தெம்ப்ரனீயோ திராட்சையை ஒட்டுக்கட்டி, ஊரை மறுபடி நிமிர்த்தியவர்கள் நம் பாட்டன்மார்கள். அவர்கள் மழைக்கு ஒதுங்கிய இடம் இது.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

முதல் ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுத்தது குழுதான். அவர் கேட்ட தொகை குறைவு, ஆளும் நம்பிக்கையாகப் பேசினார். அந்தத் தவறை ஏற்றுக்கொள்கிறோம். முன்பணம் 4,000 யூரோ கொடுத்தோம். நான்கு இடத்திலும் முட்செடியை வெட்டிச் சாரம் கட்டியது ஒழுங்காக நடந்தது. அப்புறம் முதல் குடிலில் கைவைத்தார். ஒன்பதாம் நாள் காலை நான் போய்ப் பார்த்தபோது, உள்கூரை முழுக்கக் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சிமெண்ட். ஒப்பந்தத்தில் 'பழைய முறைப்படி' என்று எழுதியிருந்தோம். 'பழைய முறைப்படிதான் அடுக்கினேன், உறுதிக்காகப் பூசினேன்' என்றார்.

இதில் என்ன கெடுதல் என்று பலர் கேட்டீர்கள். இந்தக் கூரை கலவையை நம்பி நிற்பதல்ல. ஒவ்வொரு வட்ட வரிசையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காரும். மழைத்தண்ணீர் வெளியே வடியும்படி கல் சற்றே வெளிப்புறம் சாய்ந்திருக்கும். உச்சியில் ஒரு பலகைக்கல் மூடும். மேலே மண் போர்த்தினால், அதன் பாரத்தில் எல்லாம் இறுகும். வெயிலுக்கும் பனிக்கும் கற்கள் துளி அசையும், அசைந்து மறுபடி உட்காரும். சிமெண்ட் அந்த அசைவைத் தடுக்கிறது. அதனால் விரிசல் விடும், விரிசல் வழி இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள் தங்கும். நம் மணற்கல் சிமெண்டைவிட மென்மையானது. குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்தால் உடைவது கல்தான். கலவையில்லாமல் கல் அடுக்கும் அறிவை 2018-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. ஸ்பெயினும் அதில் இருக்கிறது. அப்படியிருக்க நாமே அதைப் பூசி மறைப்பதா?

வேலையை நிறுத்தச் சொன்னோம். அவர் மேலும் 3,000 யூரோ கேட்டார். மூன்று முறை உட்கார்ந்து பேசி, சாரத்துக்கும் வண்டிக்கும் சேர்த்து 1,200 யூரோவில் முடித்தோம். 'வழக்குப் போட்டிருக்கலாமே' என்றவர்களுக்கு: போட்டிருந்தால் வக்கீல் கூலி இதைவிட அதிகமாகியிருக்கும், குடில்களும் ஒரு குளிர்காலம் கூரையில்லாமல் கிடந்திருக்கும்.

சிமெண்டைக் கொத்தி எடுத்து, கூரையைப் பிரித்து, மறுபடி அடுக்க 2,600 யூரோ. இரண்டும் சேர்ந்து 3,800. மீதி 1,600, மூன்றாம் குடிலின் உடைந்த வாசல் மேற்கல்லுக்கும், அதற்குப் பொருந்தும் மணற்கல்லைத் தேடி ஏற்றிவந்ததற்கும் ஆனது. பணத்தால் ஈடுகட்ட முடியாத நஷ்டமும் ஒன்று உண்டு. முதல் குடிலின் வாசல்மேல் ஆண்டு பொறித்திருந்தது. அதன்மேலும் பூசிவிட்டார்கள். எவ்வளவு பக்குவமாகச் சுரண்டியும் 18 என்பது மட்டுமே மீண்டது, பின்னிரண்டு இலக்கங்கள் கல்லோடு பெயர்ந்து வந்துவிட்டன. அதை முன்பே நான் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவதாக வந்த கொத்தனார், நம் குழுவின் உறுப்பினர் ஒருவரின் மைத்துனர் என்பது உண்மை. மூன்று பேரிடம் விலை கேட்டோம். கலவையில்லாமல் கூரையை மூடிக் காட்டுகிறேன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். முடிவெடுத்த கூட்டத்தில் அந்த உறுப்பினர் கலந்துகொள்ளவில்லை. குறிப்பேட்டில் பதிவு இருக்கிறது. கொத்தனார் எழுபது வயதைத் தாண்டியவர், ஒவ்வொரு கல்லையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தே வைத்தார். உச்சிக்கல்லை ஏற்றிய அன்று உள்ளே நின்றிருந்தோம். வாசல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. யாரும் ஒரு நிமிடம் பேசவில்லை.

குடில்கள் தனியார் நிலத்தில் இருப்பது பற்றி: நான்கு உரிமையாளர்களும் இடிக்க மாட்டோம், வாசலைப் பூட்ட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

திராட்சையை மிதித்துச் சாறெடுக்கப் பாறையில் குடைந்த இரண்டு பழைய மிதிதொட்டிகளை வெறும் தண்ணீரும் மென்தூரிகையும் கொண்டு துலக்கினோம். சாறு வடியும் கால்வாய் இப்போது தெளிவாகத் தெரிகிறது. பாதைப் பலகைகள் வைத்தாயிற்று.

கூடுதல் செலவில் 3,000 யூரோ சேமிப்பிலிருந்து எடுத்தது. மீதி 2,400-ஐக் கொடுத்தவர்கள்: ரொட்டிக்கடைக் குடும்பம், மருந்துக்கடைக்காரர், இறைச்சிக்கடைச் சகோதரர்கள், விட்டோரியாவில் இருக்கும் மூன்று அக்கா தங்கைகள், ஓய்வுபெற்ற தபால்காரர், பாலத்தடி வீட்டு அம்மா, அவர் பேரன், பேர் சொல்லாத இரண்டு ஒயின் கிடங்குக்காரர்கள், தன் முதல் சம்பளத்தில் 50 யூரோ அனுப்பிய பெண். பெயர்களை அச்சில் போட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டதால் எவர் பெயரும் இங்கே இல்லை. கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

ரசீதுகள், ஒப்பந்தம், உரிமையாளர்களின் கடிதங்கள் எல்லாம் ஞாயிறு பூசைக்குப்பின் மன்றத்தில் மேசைமேல் இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம், நான் பக்கத்திலேயே இருப்பேன்.

மூன்றாம் குடில் பக்கத்தில் மீந்த கற்கள் குவிந்து கிடக்கின்றன. தோட்டச் சுவருக்கென்று யாரும் எடுத்துப்போக வேண்டாம். பிசீனா போகும் வழியில் ஐந்தாவது குடில் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. அதற்காக வைத்திருக்கிறோம்.

– குழுச் செயலாளர்